வாங்கில் இருக்க முடியாத பிள்ளை

வாங்கு, கதிரை, மேசை. மூன்றும் போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள். அதற்கு முதல் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் மணலில் எழுதினார்கள். அதுக்காகத் திண்ணை எல்லாரையும் சேர்த்துக்கொண்டது எண்டு சொல்ல வரேல்லை. ஆர் திண்ணையில் ஏறலாம், ஆர் ஏறக்கூடாது எண்டதைச் சாதி முதலே தீர்மானிச்சிருந்தது. ஆனால் 1816இல் வந்த அமெரிக்க மிஷனும் மற்ற மிஷன்களும் பள்ளிக்கூடங்களைப் பெருக்க, வாங்கு வகுப்பறையின் அடையாளமாகிவிட்டது. சாய்மானம் இல்லை, கைபிடி இல்லை. முதுகை நிமிர்த்தித் தானாக இருக்கக்கூடிய உடம்புக்கு மட்டும் செய்த பலகை.

நீர்வேலியில் இருந்து கோப்பாய்ப் பாலம் தாண்டினால் கைதடி. அங்கே 1956இல் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காக நஃபீல்ட் பாடசாலை வந்தது. பெரிய விசயம். ஆனால் அந்தப் பிள்ளைகளால் சாதாரண வாங்கில் இருக்க முடியும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் பிரச்சினை வேறு. அதற்கு முதலில் தேவை இருக்கை, பிறகுதான் புத்தகம்.

ஏன் எண்டு பாருங்கோ. இடுப்பு வழுக்கினால் முதுகு வளையும், தலை சரியும். விழாமல் இருக்கப் பிள்ளை இரண்டு கையாலும் பலகையைப் பிடிக்கும். பிறகு எந்தக் கையால் எழுதுறது? "இவனுக்குப் படிப்பு ஏறாது" எண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட எத்தனை பிள்ளைகளுக்கு உண்மையில் இல்லாமல் போனது ஒரு கதிரைதானோ எண்டு நான் யோசிக்கிறது உண்டு.

போர் எங்களுக்கு வேறொரு வரலாற்றைத் தந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் தொடங்கியது. செயற்கைக் கால் செய்யிற கை எங்கட ஊரிலேயே உருவானது. காலை இழந்தவரின் காயத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். பிறப்பிலேயே நடக்காத பிள்ளையை மட்டும் "விதி" எண்டு வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். இந்த இரட்டை அளவுகோலைப் பற்றி நாங்கள் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை.

அதே 1987இல்தான் டேவிட் வேர்னர் மெக்சிக்கோவின் மலைக்கிராமத்து அனுபவத்தை வைத்து, மாற்றுத்திறனாளிக் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றிய கைநூலை வெளியிட்டார். பழைய டயரிலும் மரப்பெட்டியிலும் இருக்கை செய்வது எப்படி எண்டு அதில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். சிம்பாப்வேயில் பெவில் பாக்கர், கழிவு அட்டைப்பெட்டியை மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, மரம்போலக் கெட்டியாக்கிக் கதிரை செய்யப் பழக்கினார். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். இங்கே கோண்டாவிலில் 2004இல் ஆறு.திருமுருகன் சிவபூமி பாடசாலையைத் தொடங்கினார்.

சட்டமும் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996இல். 5 தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி 1998 ஜனவரியில். கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல். அதனால் சாய்தளம் கட்டுகிறோம், படமும் எடுக்கிறோம். சாய்தளத்தில் ஏறி உள்ளே போனால் அதே வாங்கு.

இத்தனைக்கும் இது ஒரு ஊர்த் தச்சரின் வேலைதான். பிள்ளையைத் தெரிந்த இயன்மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நிண்டால் போதும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் பெரும்பாலும் செங்கோணத்தில் வரவேணும். பலகையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. பாதம் தொங்காமல் கீழே ஒரு பலகை. தொடைகள் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு நடுவில் பஞ்சு சுற்றிய கட்டை. முழங்கை ஊன்றி எழுத, வயிற்றுப்பக்கம் அரைவட்டமாக வெட்டிய தட்டு. பிள்ளை வளரும், ஆறு மாதத்துக்கு ஒருக்கா திரும்ப அளக்கவேணும். அந்த அளவு நாடாவைப் பிடிக்கப்போறது ஆர் எண்டுதான் இன்னும் முடிவாகவில்லை.