தண்டுவட உணர்விழப்பு மருந்துகள்

இடுப்புக்குக் கீழான அறுவைகளுக்காகத் தண்டுவட நீரில் செலுத்தப்படும் மருந்துகள் இவை. நோயாளி விழித்திருக்க, அடிவயிறும் கால்களும் மட்டும் மரத்துப்போகும். வளர்ந்தோரில் தண்டுவடம் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடும். ஆகவே அதற்குக் கீழே, வழக்கமாக மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி போடப்படும்.

வரலாறு

1884-இல் கார்ல் கோலர் கொக்கைனால் கண்ணை மரக்கச் செய்தார். 1891-இல் கீல் நகரில் ஹைன்ரிச் குவின்கே தண்டுவட நீரை ஊசியால் எடுக்கும் முறையை வகுத்தார். அதே நகரில் 1898 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் பியர் தண்டுவட நீரில் கொக்கைன் செலுத்தி, காசநோய் தாக்கிய கணுக்காலில் அறுவை செய்தார். தண்டுவட உணர்விழப்பு அன்றுதான் பிறந்தது. அதற்கு முன்பே 1885-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் லியோனார்ட் கார்னிங் ஒரு சோதனை செய்திருந்தாலும், அதில் மருந்து தண்டுவட நீரை எட்டியதற்குச் சான்று இல்லை. முதல் அறுவைக்குச் சில நாள்களுக்குப் பின் பியரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் தங்கள் உடலிலேயே இம்முறையைச் சோதித்தனர். பியருக்கு நாள்கணக்கில் தலைவலி நீடித்தது. ஊசித்துளை வழியே தண்டுவட நீர் கசிவதே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். மெல்லிய ஊசிகள் வந்தபின் இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

கொக்கைனின் நச்சுத்தன்மை மாற்றுகளைத் தேட வைத்தது. 1904-இல் ஃபூர்னோவின் ஸ்டோவைனும், அதையடுத்து ஐன்ஹார்னின் புரோகைனும் வந்தன. 1907-இல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் மருந்தில் குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கினார். கனமான மருந்து தாழ்ந்த பக்கம் இறங்கும் என்பதால், நோயாளியைக் கிடத்தும் விதத்தைக் கொண்டே மரப்பின் உயரத்தை அடக்கியாள முடிந்தது. இன்று அறுவை அரங்குகளில் ‘ஹெவி’ எனப்படுவது இந்த உத்திதான். 1943-இல் லோஃப்கிரன் லிக்னோகைனை உருவாக்கினார். 1957-இல் பியூபிவகைன் வந்தது.

ஒப்பீடு

5% ஹெவி லிக்னோகைன் விரைவில் வேலை செய்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் தெளியும். அறுவைக்குப்பின் பிட்டத்திலும் தொடையிலும் வரும் தற்காலிக வலி 1993-இல் பதிவான பிறகு அதன் செல்வாக்கு சரிந்தது.

0.5% ஹெவி பியூபிவகைன் ஒரு மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ் கொண்டது. இரண்டு, மூன்று மணி நேரம் நம்பகமாக நீடிக்கும். இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு தேவை. சிசேரியன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு இதுவே முதன்மை மருந்து.

ரோபிவகைனுக்கு அளவு கூடுதலாக வேண்டும். ஆனால் கால்கள் முன்னதாகவே அசையத் தொடங்கும். பியூபிவகைனின் இடக்கை வடிவமான லெவோபியூபிவகைன் தண்டுவட நீரில் செலுத்தப்படும் சிறிய அளவில் பெரிய வேறுபாடு காட்டுவதில்லை. குளோரோபுரோகைன் அன்றே வீடு திரும்புவோருக்கான குறுகிய அறுவைகளுக்கு ஏற்றது.

இன்றைய நிலை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன். அவற்றில் தண்டுவட ஊசியே வழக்கம். இம்மருந்துகளின் ஒப்பீடு தமிழக மயக்கவியல் முதுநிலை ஆய்வேடுகளில் அடிக்கடி எடுக்கப்படும் தலைப்பு.