முகலாயர்களை மொத்தமா தூக்கிட்டாங்களா? என்சிஇஆர்டி வரலாற்றுப் பாடத்தில் என்னதான் நடக்குது?

2023 ஏப்ரலில் அந்த ஃபார்வர்டு உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும்: 'பாடப்புத்தகத்துல இருந்து முகலாயர்களையே தூக்கிட்டாங்க'. அது பாதி உண்மைதான்.

கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்சிஇஆர்டி 2022-ல் பல பாடங்களை வெட்டியது. 12-ம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் முழுசாகப் போனது. ஆனால் முகலாயர் கால விவசாயிகள், ஜமீன்தார்கள் பற்றிய அத்தியாயம் இருந்தது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில். காந்தி கொலைக்குப் பிறகு ஆர்எஸ்எஸ் சில காலம் தடை செய்யப்பட்டதைச் சொல்லும் வரி, 12-ம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில் இருந்து காணாமல் போனது. 2022-ல் வெளியிட்ட நீக்கப் பட்டியலில் அது இல்லவே இல்லை. பட்டியலில் விடுபட்டது கவனக்குறைவாக இருக்கலாம் என்றார் இயக்குநர் தினேஷ் பிரசாத் சக்லானி. சுமையைக் குறைக்கத்தான் என்றால், ஒரு வரியில் என்ன சுமை? அந்த ஜூனில், தலைமை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

இது புதுசா?

இல்லை. ஜனதா ஆட்சியில், 1978-ல் ஆர்.எஸ்.சர்மாவின் பண்டைய இந்தியா புத்தகம் விலக்கப்பட்டது. வாஜ்பாய் காலத்தில் புதுப் புத்தகங்கள் வந்தன. 2004-ல் ஆட்சி மாறியதும் அவையும் போயின. யுபிஎஸ்சி படிக்கிற நண்பர்கள் சர்மா, சதீஷ் சந்திரா எழுதிய 'பழைய என்சிஇஆர்டி'யைத் தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ என்ன மாறியிருக்கு?

2020 கல்விக் கொள்கைப்படி புத்தகங்களே புதுசாக வருகின்றன. 2025-ல் வந்த 7-ம் வகுப்பு முதல் பாகத்தில் டெல்லி சுல்தான்களும் இல்லை, முகலாயர்களும் இல்லை. அவர்கள் 8-ம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே பாபர் இரக்கமற்ற படையெடுப்பாளர். அக்பர் ஆட்சி கொடூரமும் சகிப்புத்தன்மையும் கலந்தது. பழைய சம்பவங்களுக்கு இன்று யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பும் உண்டு. அது நல்ல குறிப்பு. ஆனாலும் 13 வயசுப் பிள்ளைக்கு ஆதாரத்துக்கு முன்னாடியே தீர்ப்பு கைக்கு வந்துவிடுகிறது. அதே புத்தகத்தின் வரைபடம் ஜெய்சால்மரை மராத்தியப் பேரரசுக்குள் காட்டியதாக எதிர்ப்பு கிளம்பி, நிபுணர் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டுக்கு?

1976 முதல் கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஸ்டேட் போர்டு புத்தகங்களை மாநிலமே தயாரிக்கிறது. அதனால் அங்கே இந்த மாற்றம் எட்டாது. சிபிஎஸ்இ-யில் படிக்கும் உங்கள் அக்கா பிள்ளைக்கு எட்டும்.

நாமே சரிபார்க்க முடியுமா?

முடியும். இன்றைய புத்தகங்கள் என்சிஇஆர்டி தளத்தில் இலவசம். புதுப் பதிப்பு வந்தால் பழையதை அங்கே நம்பி இருக்க முடியாது, பிடிஎஃப்பை இப்பவே சேமித்து வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பிரிட்டிஷ் கால அரசுக் கோப்புகள் கிடைக்கும். பாபரே எழுதிய பாபர்நாமாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. அதையும் 8-ம் வகுப்பின் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.