குடியும் மன நெருக்கடியும் சேர்ந்து வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

நாலு நாளாக ஓயாமல் குடிக்கும் ஒருவர், நள்ளிரவில் "இனி நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிறார். வீட்டில் இருப்பவர்கள் யாரைக் கூப்பிடுவது? இது குடிப் பிரச்னையா, மனப் பிரச்னையா என்ற குழப்பத்திலேயே நேரம் போய்விடும்.

இரண்டு எண்கள் ஏன்?

மனநலம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. போதை மறுவாழ்வை சமூக நீதி அமைச்சகம் கவனிக்கிறது. அதனால் உதவி எண்களும் இரண்டு. மனநலத்துக்கான 'டெலி மானஸ்' எண் 14416, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான எண் 14446. இரண்டும் இலவசம்.

எப்போது எது?

சாவைப் பற்றிப் பேசினால், குடித்திருந்தாலும் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார்; தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார். சிகிச்சை மையம் எங்கே என்று கேட்க 14446. உயிருக்கே ஆபத்து என்றால் 112, அல்லது நேராக மருத்துவமனை.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். அறையில் பூட்டி வைத்து "சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

போலீஸ் கேஸ் ஆகுமா?

பலர் தயங்குவது இதற்காகத்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனப் பாதிப்புகளும் இந்தச் சட்டப்படி மனநோயே. அதாவது, சட்டம் இரண்டையும் பிரிக்கவில்லை.

இடைவெளி எவ்வளவு?

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. போனில் பேசி முடித்த பிறகு போய்ச் சேர ஒரு படுக்கை வேண்டும். குடிநோய்க்கும் மனநோய்க்கும் ஒரே இடத்தில் மருத்துவர் பார்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் அது கிடைக்கும்வரை குடும்பங்களின் அலைச்சல் தீராது. இப்போதைக்கு, இரண்டு எண்களையும் போனில் பதிந்து வையுங்கள். எதை அழைப்பது என்று குழம்பினால் 14416.