மட்டக்களப்பும் காற்றின் பருவமும்

கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைத்து நிற்பது நம் ஆரையம்பதி. காற்றின் குணமறிந்தே நம் முன்னோர் இங்கு தோணி செலுத்தினர். பின்காற்றுக்குப் பாயை அகல விட்டனர். பக்கக்காற்றுக்குக் கயிற்றை இறுக்கினர்.

நம் சரித்திரத்திலும் காற்றுக்குப் பங்குண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கீழ்க்கரைக் கடல் பெரிதும் அடங்கியிருக்கும். ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602 மே இறுதியில் மட்டக்களப்பை அடைந்தார். செப்டெம்பரில் சுமாத்திராவின் அச்சேக்குப் பாய் விரித்தார். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் இதே பருவத்தில், 1638 மே 18இலாகும்.

வாடைக்காலமோ வேறு. இக்கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலின் முகத்துவார மணல்மேட்டை உடைப்பது பெரும்பாலும் மாரி வெள்ளமே. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும் அப்பருவத்ததே. அந்த இரவை நம் மூத்தோர் மறவார்.

இயந்திரம் வந்தபின் பாய்கள் சுருண்டன, காற்றோ மாறவில்லை. இளைஞர்களே, காற்றின் பெயர்களையும் வானக் குறிகளையும் மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக!