பழைய சுமையுந்துகளில் அலுமினிய, பித்தளை ரேடியேட்டர்கள்

ரேடியேட்டர் (கதிர்வீசி) என்பது உள் எரி பொறியில் உண்டாகும் மிகை வெப்பத்தைக் குளிர்விப்பு நீர்மத்தின் வழியே வெளிக்காற்றுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றி ஆகும். கதிர்வீசி என அழைக்கப்பட்டாலும், இது பெரும்பாலும் வெப்பச்சலனத்தின் மூலமே வெப்பத்தை வெளியேற்றுகிறது. 1980கள் வரை அமெரிக்கச் சுமையுந்துகளில் செப்பு-பித்தளை ரேடியேட்டர்களே பரவலாகப் பொருத்தப்பட்டன. 1953இல் அறிமுகமான ஃபோர்டு எஃப்-100, 1960ஆம் மாதிரியாண்டில் அறிமுகமான செவ்ரோலெட் சி10 போன்ற ஊர்திகளை இன்றும் ஓட்டுவோர், தேய்ந்த ரேடியேட்டரை மாற்றும்போது பித்தளையையா அலுமினியத்தையா தெரிவு செய்வது என்னும் கேள்வியை எதிர்கொள்கின்றனர். தவறான தெரிவால் பொறி மிகைவெப்பமடைந்தால் சிலிண்டர் தலை வளைதல், கேஸ்கட் பழுதடைதல் முதலிய பெருஞ்செலவு வைக்கும் சேதங்கள் ஏற்படலாம்.

வரலாறு

வில்கெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1900-1901 காலப்பகுதியில் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் ஊர்தியில் பயன்பட்டது. பின்னர் தட்டையான குழாய்களும் அவற்றிடையே மெல்லிய துடுப்புகளும் கொண்ட அமைப்பு பரவலானது. 1960களில் சில விளையாட்டுச் சிற்றுந்துகளில் அலுமினிய ரேடியேட்டர்கள் இடம்பெற்றன. 1970களிலும் 1980களிலும் எடையைக் குறைத்து எரிபொருளைச் சேமிக்கும் தேவை எழுந்ததால், அலுமினிய உள்ளகமும் நெகிழித் தொட்டியும் கொண்ட வகை புதிய ஊர்திகளில் செப்பு-பித்தளையின் இடத்தைப் பிடித்தது.

அமைப்பு

பித்தளை ரேடியேட்டர் எனப் பொதுவாக அழைக்கப்படுவது முழுவதும் பித்தளையால் ஆனதன்று. அதன் குழாய்களும் தொட்டிகளும் பித்தளையால் ஆனவை. துடுப்புகள் செப்பால் ஆனவை. இவை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசினால் இணைக்கப்படுகின்றன. அலுமினிய உள்ளகத்தின் குழாய்களும் துடுப்புகளும், அலுமினியம்-சிலிக்கான் கலப்புலோகத்தை இடைப்பொருளாகக் கொண்டு, ஏறத்தாழ 600 °செ வெப்பநிலையில் உலையில் இணைக்கப்படுகின்றன. பழைய ஊர்திகளுக்கென விற்கப்படும் அலுமினிய ரேடியேட்டர்கள் பலவற்றில் தொட்டிகளும் அலுமினியமே. அவை பற்றவைப்பின் மூலம் பொருத்தப்படுகின்றன.

இயற்பியல் பண்புகள்

- செப்பு: வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 வாட்/மீட்டர்-கெல்வின், அடர்த்தி 8.96 கிராம்/கன செ.மீ.
- அலுமினியம்: வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 237 வாட்/மீட்டர்-கெல்வின்; அடர்த்தி 2.70 கிராம்/கன செ.மீ.
- பித்தளை (70% செப்பு, 30% துத்தநாகம்): வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 120 வாட்/மீட்டர்-கெல்வின், அடர்த்தி ஏறத்தாழ 8.5 கிராம்/கன செ.மீ.

வெப்பம் வெளியேற்றும் திறன்

செப்பு வெப்பத்தை நன்கு கடத்துவதால் செப்பு-பித்தளை ரேடியேட்டரே எப்போதும் நன்கு குளிர்விக்கும் என்று கருதுவது சரியன்று. வெப்பம் செல்லும் பாதையில் மிகப் பெரிய தடை உலோகத்தில் இல்லை; துடுப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் மாறும் இடத்திலேயே உள்ளது. எனவே உள்ளகத்தின் பரப்பளவு, துடுப்புகளின் நெருக்கம், குழாயும் துடுப்பும் தொடும் பரப்பு ஆகியவை உலோகத்தைவிட முதன்மையானவை.

பித்தளைக் குழாய்கள் பொதுவாக 13 முதல் 16 மி.மீ. வரை அகலமுடையவை. அவற்றை மேலும் அகலமாக்கினால், உள்ளழுத்தத்தால் உப்பாதிருக்கச் சுவரைத் தடிப்பாக்க வேண்டும். அதனால் எடை மிகும். அலுமினியம் இலேசானது என்பதால், தடித்த சுவருடைய 25 மி.மீ. அல்லது அதற்கும் கூடிய அகலமுள்ள குழாய்களை அமைக்க இயல்கிறது. இதனால் இரு வரிசைக் குழாய்கள் கொண்ட அலுமினிய ரேடியேட்டர், நான்கு வரிசை கொண்ட பித்தளை ரேடியேட்டருக்கு நிகராகச் செயற்பட முடியும். வரிசைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்தாது.

அரிமானம்

அலுமினியத்தின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம் அதைக் காக்கிறது. குழாய்நீரிலுள்ள குளோரைடுகள் இப்படலத்தைத் தாக்கி ஊசித்துளைகளை உண்டாக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீருடன் அரிமானத் தடுப்பான் கலந்த நீர்மத்தையே பயன்படுத்த வேண்டும். பழைய ஊர்திகளில் புவித்தொடுப்புக் கம்பிகள் துருப்பிடித்திருந்தால், மின்னோட்டம் நீர்மத்தின் வழியே பாய்ந்து புதிய அலுமினிய ரேடியேட்டரையும் குறுகிய காலத்தில் அரித்துவிடலாம். மின்கலத்தின் எதிர்முனைக்கும் நீர்மத்துக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து இதனைக் கண்டறியலாம், 0.1 வோல்ட்டுக்கு மேற்பட்ட அளவு அலுமினியத்துக்கு ஏற்றதன்று எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

பித்தளை ரேடியேட்டரில் வலுக்குறைந்த பகுதி பற்றாசு ஆகும். தடுப்பான் தீர்ந்த நீர்மத்தில் அது அரிபட்டு, வெண்ணிறப் படிவாகக் குழாய்களை அடைக்கிறது. கரிம அமிலத் தடுப்பான்களை மட்டும் கொண்ட நீர்மங்கள் பல பற்றாசு உள்ள அமைப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பழுதுபார்ப்பும் நலக்கேடும்

பித்தளை ரேடியேட்டரில் கசிவு ஏற்பட்டால் எளிய கருவிகளைக் கொண்டு பற்றாசிட்டு அடைக்கலாம். தொட்டிகளைக் கழற்றிக் குழாய்களைத் துப்புரவு செய்யலாம். பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு உள்ளகத்தை மட்டும் மாற்றவும் செய்யலாம். அலுமினியத்தைச் சரிசெய்ய ஆர்கன் வளிமச் சூழலில் பற்றவைக்கும் கருவியும் பயிற்சியும் தேவை.

எனினும் பற்றாசிலுள்ள ஈயம் நச்சுத்தன்மை உடையது. ரேடியேட்டர் பழுதுபார்க்கும் தொழிலாளரிடையே ஈய நச்சேற்றம் நன்கறியப்பட்ட தொழில்சார் நோயாகும். அமெரிக்காவில் பழைய ரேடியேட்டர்களைக் குளிர்கலனாக்கி வடிக்கப்பட்ட கள்ளச்சாராயத்தாலும் பலர் ஈய நச்சுக்கு ஆளாயினர். ஈயமின்றிச் செப்பையும் பித்தளையையும் இணைக்கும் பிரேசிங் முறை பின்னர் உருவாக்கப்பட்டது.

தெரிவு செய்கையில் கருத வேண்டியவை

- முதலில் தெர்மோஸ்டாட், நீரேற்றி, விசிறி, விசிறியுறை, அழுத்த மூடி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றின் பழுது ரேடியேட்டரை மாற்றுவதால் தீராது.
- மூடியின் அழுத்தம் ரேடியேட்டருக்குப் பொருந்த வேண்டும். ஏறத்தாழ 1 பார் மிகையழுத்தத்தில் நீர் 120 °செ அளவில்தான் கொதிக்கும். ஆனால் குறைந்த அழுத்தத்துக்கென அமைக்கப்பட்ட 1950களின் பித்தளை ரேடியேட்டர் அவ்வழுத்தத்தைத் தாங்காமல் பிளக்கலாம்.
- சுமையுந்தின் அடிச்சட்டம் கரடுமுரடான பாதையில் முறுக்கமடையும். இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட அலுமினிய ரேடியேட்டர் பற்றவைப்பு இணைப்புகளில் வெடிப்புறக்கூடும் என்பதால் இரப்பர்த் தாங்கிகள் தேவை.
- தானியங்கிப் பல்லிணை கொண்ட ஊர்திக்கு, பல்லிணை எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பு தொட்டிக்குள் இருத்தல் வேண்டும். இல்லையெனில் தனிக் குளிர்விப்பான் பொருத்த வேண்டும்.

மூல வடிவத்தைப் பேண விரும்புவோருக்கும், எளிதில் பழுதுபார்க்கத்தக்கதை நாடுவோருக்கும் பித்தளை பொருத்தமானது. ஆற்றல் மிகுந்த பொறியை மாற்றிப் பொருத்தியவர்களுக்கும், பெருஞ்சுமை இழுப்போருக்கும் அகன்ற குழாய் கொண்ட அலுமினியம் ஏற்றது. இரண்டிலும் குளிர்விப்பு நீர்மத்தைக் காலந்தவறாது மாற்றுவதே ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

- உள் எரி பொறி
- வெப்பப் பரிமாற்றி
- பித்தளை
- அரிமானம்