அளவுகளை வலப்பக்கம் எழுதியவர்

"அளவுகளை நிலைக்குத்து அச்சின் இடப்பக்கம் எழுதுங்கள்." வரைபு கற்பிக்கும்போது நாம் வழமையாகச் சொல்வது இதுதான். வலப்பக்கம் எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைத்தும் இருக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

1786இல் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேபெயார், வணிகக் கணக்குகளை வரைபுகளாக்கி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை இத்தகைய கணக்குகளை மக்கள் பெரும்பாலும் அட்டவணைகளிலேயே பார்த்துவந்தனர். இங்கிலாந்து டென்மார்க், நோர்வேயுடன் 1700 முதல் 1780 வரை செய்த வணிகம் அதிலுள்ள ஒரு வரைபு. ஆண்டுகள் கீழே, பவுண் தொகையோ வலப்பக்கம்!

இடமிருந்து வலமாக ஆண்டுகள் நகரும்போது, கோடு கடைசி ஆண்டில் போய் நிற்குமிடம் வலப்பக்கமே. அங்கேயே அளவும் இருந்தால் வாசிப்பவரின் கண் அலையத் தேவையில்லை. 'இறக்குமதிக் கோடு', 'ஏற்றுமதிக் கோடு' என்ற பெயர்களையும் அவர் மூலையில் ஒதுக்காமல் கோடுகளின் மீதே எழுதினார். வரைபு பார்த்துப் பழகாத வாசகருக்காக, எந்தக் கோட்டில் ஆண்டு, எந்தக் கோட்டில் பணம் என்பதைக் கீழே ஒரு வசனத்திலும் விளக்கினார்.

பெயரும் அலகும் இல்லாத அச்சு பிழைதான். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் எந்தப் பக்கம் என்பது வாசிப்பவரின் வசதியைப் பொறுத்தது. அடுத்த முறை வலப்பக்கம் எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்க முன்னர், ஒரு தடவை காரணம் கேட்போம்.