பன்றிகளில் உடல்வெளிக் கருவாக்கம்

பன்றியின் கருமுட்டையை ஆய்வகத்தில் முதிரச் செய்து, விந்தணுவோடு சேர்த்து, உருவாகும் கருவைச் சில நாள் வளர்த்து, வாடகைத் தாய்ப்பன்றியின் கருப்பையில் வைக்கும் முறை. மாட்டில் வணிக அளவுக்கு வளர்ந்துவிட்ட இம்முறை, பன்றியில் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே நிற்கிறது. பன்றியில் கருத்தரிப்பு நடக்காமல் போவதைவிட, ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைந்து அளவு மீறி நடப்பதே பெருந்தடை.

கேம்பிரிட்ஜில் செங், மூர், போல்ஜ் ஆகியோர் 1986இல், உடலுக்குள் முதிர்ந்த கருமுட்டைகளை வெளியே கருவாக்கிக் குட்டிகளைப் பெற்றனர். முட்டையை முதிர வைப்பதையும் ஆய்வகத்திலேயே செய்து குட்டி ஈன வைத்தது, 1989இல் இத்தாலியின் மத்தியோலி குழு.

இறைச்சிக்கூடத்தில் எடுக்கும் சூலகங்களே வழக்கமான மூலப்பொருள். வெதுவெதுப்பான உப்புக்கரைசலில், குளிர் தாக்காமல், சில மணி நேரத்துக்குள் அவை ஆய்வகம் சேர வேண்டும். கொழுப்பு மிகுந்து கருத்த பன்றி முட்டை குளிரைத் தாங்காது. 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள நுண்ணறைகளிலிருந்து ஊசியால் உறிஞ்சிய முட்டைகளை, சுமார் 39 டிகிரி செல்சியஸில் 42 முதல் 44 மணி நேரம் முதிர வைக்கிறார்கள்.

பல விந்தணு நுழைவு

இயற்கையான இணைசேர்க்கையில் பல ஆயிரம் கோடி விந்தணுக்கள் உள்ளே சென்றாலும், கருமுட்டைக் குழாயின் குறுகிய பகுதி அவற்றைப் பிடித்து நிறுத்திச் சிறிது சிறிதாகவே விடுகிறது. கண்ணாடித் தட்டில் அந்தக் காவல் இல்லை. தயார் நிலையிலுள்ள விந்தணுக்கள் ஒரே நேரத்தில் முட்டையை மொய்க்கின்றன. ஒன்று நுழைந்ததும் மற்றவற்றைத் தடுக்க வேண்டிய முட்டையின் எதிர்வினையும் போதிய வேகத்தில் எழுவதில்லை. இரண்டு மூன்று விந்தணுக்கள் நுழைந்த கருவும் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழிவுள்ள செல்கோளம்) நிலைவரை வளர்ந்து ஏமாற்றக்கூடும். ஆகவே பிளாஸ்டோசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்லும் ஆய்வை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

விந்தணுக்களைக் குறைத்தால் நுழைவு மிகை குறையும். கருவாகும் முட்டைகளும் சேர்ந்தே குறையும். இந்த இழுபறியைத் தீர்க்கப் பத்து நிமிடம் மட்டும் சேர்த்து வைத்துப் பிரிப்பது, நுண்குழல்கள் வழியே விந்தணுக்களை அனுப்புவது ஆகியவை முயலப்பட்டன. ஸ்பெயினின் முர்சியாவில் பிலார் கோய் குழு 2008இல் வேறொரு கோணத்தைக் காட்டியது: கருமுட்டைக் குழாயின் திரவத்திலுள்ள ஒரு கிளைக்கோபுரதம், ஹெப்பாரினோடு சேர்ந்து, முட்டையின் மேலுறையை மாற்றி மிகை நுழைவைக் கட்டுப்படுத்த உதவுகிறது. என் மதிப்பில் மிக நம்பிக்கை தரும் வழி இதுவே. இழந்த காவலை அதன் இடத்திலேயே மீட்கப் பார்க்கிறது.

கரு வளர்ச்சி

பன்றிக் கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்கும் நான்கு செல் நிலையில், பழைய வளர்ப்பு ஊடகங்களில் வளர்ச்சி நின்றுவிடும். வட கரோலினாவின் என்.சி.எஸ்.யூ.-23 (1993), ஜப்பானில் உருவான பி.இசட்.எம்.-3 (2002) ஆகிய ஊடகங்கள் அத்தடையைத் தளர்த்தின. மிசௌரி பல்கலைக்கழகத்தார் 2017இல், முதிர்வு ஊடகத்தில் மூன்று வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்து, மரபணு திருத்திய குட்டிகளை உருவாக்கும் திறன் நான்கு மடங்கானதாக அறிவித்தனர்.

ஒற்றைக் கருவை வைத்துச் சினை காண முடியாது. 12ஆம் நாள் வாக்கில் குறைந்தது நான்கு கருக்களாவது உயிரோடு இல்லையென்றால், தாய்ப்பன்றி பெரும்பாலும் மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும். பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள்.

தமிழ்நாட்டில்

பன்றி ஆய்வுக்குப் பெயர்பெற்றது காட்டுப்பாக்கம். அதே பெயரில் பூந்தமல்லி அருகிலுள்ள ஊர் அல்ல இது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பொத்தேரிப் பக்கம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கும் ஊர். வெண்பன்றியான லார்ஜ் ஒயிட் யார்க்ஷயரையும் நாட்டுப்பன்றியையும் கலந்து 'தனுவாஸ் கே.பி.எம். கோல்டு' உருவானது இங்கேதான். வளர்ப்போருக்கு இன்று உடனடியாகப் பயன்படுவது உடல்வெளிக் கருவாக்கம் அல்ல, சினை ஊசிதான். கிடாப் பன்றியின் விந்து உறையவைத்தால் திறன் இழப்பதால், 17 டிகிரியில் திரவமாகவே காத்துச் சில நாட்களுக்குள் செலுத்த வேண்டும்.